வில்லிடம் அடிவாங்கிய மாப்பிள்ளை

எங்கள் வம்சத்திலேயே பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் எனக்கு ஒரு வியாதி பிடித்திருந்தது: தெரியாததை யாரிடமும் கேட்க மாட்டேன். கேட்டுவிட்டால் படித்த படிப்பு என்னாவது?

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கிளார்க்காக இருந்தேன். துரை குடும்பம் சீமைக்குத் திரும்பியபோது, பெட்டிகளுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டியது நான்தான். அந்தச் சந்தோஷத்தில் துரைசானியம்மா தன்னுடைய பழைய வில்லையும் சில அம்புகளையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

நாண் கழற்றிய வில் அது. ஏற்கெனவே பிறைபோல ஒரு பக்கம் வளைந்திருந்தது. பிறகென்ன, வளைந்த வாக்கிலேயே நாணைக் கட்டினேன். (கோயில் சுவரில் ராமர் கையிலும் அப்படித்தானே இருக்கிறது!) அந்த ரக வில்லை எதிர்ப்பக்கமாக வளைத்துத்தான் நாண் ஏற்ற வேண்டும் என்பது, வெகுநாள் கழித்து ஒரு இங்கிலீஷ் பத்திரிகைப் படத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதுவரை நான் இழுத்து விட்டால் அம்பு போகிறதோ இல்லையோ, நாண் மட்டும் குறி தவறாமல் என் இடது கையில் வந்து விழும். வீரனுக்கு இதெல்லாம் சகஜம் என்று பல்லைக் கடித்துப் பழகினேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கத்தரிக்காய் நிறம் ஏறிவிட்டது.

அப்போது பார்த்து மஞ்சூரிலிருந்து மாப்பிள்ளை பார்க்க வந்தார்கள். பெண்ணை நான் ஒரு கல்யாணத்தில் பார்த்து, மனசை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். இந்தச் சம்பந்தம் தட்டிப்போனால் சாமியாராகப் போவதென்று முடிவே செய்திருந்தேன்.

"கோட்டை மட்டும் கழட்டீராத கண்ணு" என்று, கைக்காயம் தெரியாமலிருக்கக் கோட்டு மாட்டிவிட்ட அம்மா எச்சரித்தாள்.

பெண்ணின் தாய்மாமன் பிரியமாக என் கையைப் பிடித்தார். "ஐயோ!" என்று நான் போட்ட சத்தம் ஃபேக்டரி வரை கேட்டிருக்கும்.

"ஏனுங் மாப்ள, கைக்கு என்னாச்சுங்க?" என்று அவரே கோட்டுக் கையை மேலே தள்ளிப் பார்த்தார். "அடக் கடவுளே! புதுத் துரை அடிச்சுட்டாருங்களா?"

பெண்ணின் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். துரையிடம் அடிவாங்கிய கிளார்க்குக்கு நாளைக்கு வேலை இருக்குமா? அதை நம்பி யார் பெண் கொடுப்பார்கள்?

"இல்லீங்க, வில்லு அடிச்சுதுங்க" என்றேன்.

"வில்லு அம்பைத்தானுங்க உடும். ஆளையா அடிக்கும்?" என்றார் மாமன்.

என் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எம் பையன் பொய் சொல்ல மாட்டானுங்க, எட்டாவது படிச்சவன்! வேணும்னா இப்பவே உட்டுக் காட்டுவான், வாங்க."

எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். சில்வர் ஓக் மரத்தில் தேயிலைக் கழிவு அடைத்த சாக்கைத் தொங்கவிட்டிருந்தேன். கோட்டைக் கழற்றி வீசினேன். (அம்மா தலையில் கை வைத்தாள்.) மூச்சை அடக்கி, நாணைக் காது வரை இழுத்து விட்டேன்.

பளார்!

அம்பு என் கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் விழுந்து படுத்துக்கொண்டது. நாண் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. இதோடு கல்யாணமும் போச்சு என்று நினைத்தேன்.

மாமன் என் கையையும் வில்லையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெண்ணின் அப்பாவிடம் திரும்பினார்.

"கவலைய உடுங்க மச்சான். துரை அடிக்கலை. மாப்ள தானே அடிச்சுக்கறாரு."

பெண்ணின் அப்பா உள்ளே போய், ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். "குடி இல்லை, சீட்டு இல்லை. இது ஒண்ணுதான் பழக்கம்னா இருந்துட்டுப் போகட்டுமுங்க" என்றார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது.

அந்தக் கதையை என் மனைவிக்கு யார் எப்படிச் சொன்னார்களோ! இன்றைக்கும் சவரம் செய்யும்போது கன்னம் கீறினாலும் சரி, நிலைப்படியில் தலை இடித்தாலும் சரி, அடுக்களையிலிருந்து குரல் வரும்:

"எதிராளி தப்பிச்சுட்டானுங்களா?"

உடனே எங்கள் சின்ன மகள் அவனைப் பிடிக்க வாசலுக்கு ஓடுவாள்.