துணி தயார், வந்து வாங்கிக்கொள்ளவும்

அன்பு மகளுக்கு,

அப்பா ஆசிகளுடன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். சலவைக் கடைதான் நலமில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய், அதனால் கடிதம்.

நீ அனுப்பிய கணினி வந்தது. "ஒரு மாசம் பழைய சீட்டையும் கூடவே குத்துங்கப்பா, எதையும் முதல்ல நாலு பேர்கிட்ட மட்டும் செஞ்சு பாருங்க" என்று படித்துப் படித்துச் சொன்னாய். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் எதற்கென்று முதல் நாளே துணியில் பெயர்ச் சீட்டு குத்துவதை நிறுத்திவிட்டேன். பொருத்த வந்தவர் வாடிக்கையாளர்களின் போன் எண்களையெல்லாம் ஏற்றிவிட்டுப் போனார். பல் டாக்டருக்கு மட்டும் தகவல் சொல்லலாமென்று ஒரு பொத்தானை அமுக்கினேன். "துணி தயார், வந்து வாங்கிக்கொள்ளவும்" என்று அத்தனை பேருக்கும் போய்விட்டது, துணி போட்டவர், போடாதவர், என்னோடு சண்டை போட்டுப் போனவர் எல்லாரும் வந்து நிக்கிறாங்க, அந்த நேரம் பார்த்துக் கணினி இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருக்கு, யார் துணி எதுன்னு அதுக்குத்தானே தெரியும், பல் டாக்டர் மாட்டிப் பார்த்த கறுப்புக் கோட்டு வக்கீலோடது, வக்கீல் அங்கேயே வாதாட ஆரம்பிச்சுட்டார், தலைமையாசிரியரோ யாருடைய கால்சட்டையையோ இடுப்பில் பிடித்தபடி, "நான் இவ்வளவா இளைச்சுட்டேன்?" என்று என்னையே கேட்கிறார்.

"பொண்ணு சொன்னதைக் கேட்டாத்தானே!" என்றாள் உன் அம்மா.

கூட்டத்துக்குப் பின்னால் கடிகாரம் பழுதுபார்ப்பவர் நின்றார். போன வருஷம் மனைவியை இழந்தாரே, அவர்தான்.

"எனக்கும் வந்துச்சுங்க. ஆனா நான் ஒண்ணும் போடலையே."

உன் அம்மா உள்ளே போய், யாரும் வாங்காமல் கிடக்கும் துணிகளைக் கிளறி, பழைய சீட்டோடு ஒரு பச்சைக் கம்பளிச் சட்டையை எடுத்து வந்தாள். அவர் மனைவி படுக்கையில் விழுமுன் அவருக்காகச் சலவைக்குப் போட்டது.

அவர் அதைத் தடவிக்கொண்டே நின்றார். "தொலைச்சுட்டியே, தொலைச்சுட்டியேன்னு அவளைத் திட்டிக்கிட்டே இருந்தேன். அவ தொலைக்கலீங்க."

வக்கீல் பேச்சை நிறுத்தினார். பல் டாக்டர் கோட்டைக் கழற்றி வக்கீலிடம் நீட்டினார். அதற்கப்புறம் யாரும் குரலை உயர்த்தவில்லை. அவரவர் துணியைத் தேடி, பக்கத்திலிருப்பவர் துணியையும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இருந்தாலும் மகளே, என் நெஞ்சு இதையெல்லாம் தாங்காது. வந்து இந்தக் கணினியைத் தூக்கிக்கொண்டு போய்விடு. மாப்பிள்ளைக்கு அன்பு, பேத்திக்கு முத்தம். சளி காய்ச்சல் அண்டாமல் மூவரும் நிறைவாக இருங்கள்.

உன் அப்பா

பின்குறிப்பு: கணினி நேற்றே சரியாகிவிட்டது. உன் அம்மா அதில் பதிகிறாள், நான் சீட்டும் குத்துகிறேன். ஒரு துணிகூட மாறவில்லை. அதைத் தூக்க வேண்டாம். ஆனால் நீ இதை ஆபீசில் சொல்லாதே. 'அப்பா கடையே நின்னுபோச்சு'ன்னு சொல்லி லீவு வாங்கிட்டு வா. உன்னைப் பார்த்து ரொம்ப நாளாச்சும்மா.