அடுத்த தெருவில் இறங்கிய பொங்கல் சீர்

குன்னம் வட்டம்,
போகியன்று மாலை.

மதிப்பும் மரியாதையும் மிகுந்த சம்பந்தி முத்துவேல் அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் மருமகள் அம்பிகாவைப் பெற்ற சிங்காரவேலு இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், என் சம்சாரம் பாப்பாத்தி, இரண்டு மாடுகள் ஆகிய நால்வரும் சுகம். பாப்பாத்தியின் இடது பாதம் மட்டும் சுகமில்லை. அதை மேற்படி மாடுகளில் மூத்தது போன செவ்வாய்க்கிழமை மிதித்துவிட்டது. அவ்விடம் நீங்கள், சம்பந்தியம்மாள், மாப்பிள்ளை, அம்பிகா எல்லாரும் சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் தலைப்பொங்கல் சீர் இன்னும் வரவில்லையே என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற வீட்டில் சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சீரை நான் மறந்துவிட்டேன் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். சீர் இன்று காலையிலேயே புறப்பட்டது. பெரம்பலூருக்கும் வந்து சேர்ந்தது. இறக்கியும் வைத்தாயிற்று. உங்கள் வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

இதைப் போனில் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். என் போன் போன வாரம் சின்ன வெங்காயம் மூட்டை பிடிக்கும்போது சட்டைப் பையிலிருந்து நழுவி மூட்டைக்குள் விழுந்து, அது தெரியாமல் நானே சாக்கைத் தைத்து, நானே லாரியில் ஏற்றி, மண்டிக்கு அனுப்பிவிட்டேன். பாப்பாத்தியின் போனில் ரீசார்ஜ் தீர்ந்துபோய், வருகிற கால் வரும், நாம் கூப்பிட்டால் போகாது. போனாலும் பிரயோசனமில்லை. அது எப்போதும் அவள் இடுப்பில் இருக்கும், இதுவோ அவளுக்குத் தெரியாமல் சொல்ல வேண்டிய சங்கதி. அதனால்தான் கடிதம். குட்டியானை லோடு வண்டி ஓட்டும் சின்னதுரை நாளை விடியற்காலையில் கரும்பு ஏற்றிக்கொண்டு டவுனுக்கு வருகிறான், இன்று சீர் இறங்கிய இடத்துக்கு அடுத்த தெரு என்று சொல்லி அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவன் வாயைக் கிண்டாதீர்கள், அவனுக்கு ஒன்றும் தெரியாது.

நடந்தது இதுதான். பித்தளைப் பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்புக் கட்டு, வாழைத்தார், இரண்டு பூசணிக்காய், அம்பிகாவே கடையில் பார்த்து எடுத்த மயில்கழுத்து நிறச் சேலை, எல்லாவற்றையும் சின்னதுரை வண்டியில் ஏற்றிக்கொண்டு நான் ஒருத்தனாகக் கிளம்பினேன். பாப்பாத்தி காலைக் கீழே ஊன்ற முடியாமல் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "பாத்து எறக்குங்க, பானை நெளிஞ்சுடப் போவுது" என்று வண்டி தெரு முனை திரும்பும் வரை கத்திக்கொண்டிருந்தாள். நீங்கள் குரும்பலூர் வீட்டை இடித்துக் கட்டுவதற்காகக் கார்த்திகையில் டவுனுக்குக் குடிவந்த பிறகு நான் அந்தப் பக்கம் தலைகாட்டியதில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டாவது தெரு என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து இரண்டாவது என்பது ஞாபகமில்லை. டீக்கடையில் உங்கள் பெயரைச் சொன்னேன், யாருக்கும் தெரியவில்லை. புது நகரில் வாடகைக்கு வந்தவர்களை யாருக்குத் தெரியும்? உடனே எனக்குப் பெரிய புத்தி ஒன்று தோன்றியது. "புதுசா குடிவந்தவங்க, தலைப்பொங்கல் வூடு" என்றேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் குவளையோடு கையை நீட்டி, "அந்தா, பச்சை கேட்டு. அந்தம்மா ஒரு வாரமா வாசலையே பாத்துக்கிட்டு நிக்கிது" என்றார். ஒரே நகரில் இரண்டு வீட்டுக்குத் தலைப்பொங்கல் வருமென்று நான் கண்டேனா?

பச்சை கேட்டைத் திறந்துகொண்டு ஒரு அம்மாள் ஓடி வந்தார்கள். பெயர் குஞ்சம்மாள் என்று பிற்பாடுதான் தெரியும். வண்டியிலிருந்த கரும்பைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், அப்படியே கண் கலங்கி, "வாங்க சம்பந்தி, வாங்க. வருவீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார்கள். உங்கள் அக்கா யாரோ பண்டிகைக்கு வந்திருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். கல்யாணத்தில் பார்த்த முகமாக இல்லையே என்று ஒரு நிமிடம் பட்டதுதான், ஆனால் உங்கள் பக்கத்துச் சொந்தம் இரண்டு பஸ் வந்ததே, எல்லா முகத்தையும் யார் ஞாபகம் வைத்துக்கொள்வது! "எல்லாரும் எங்கம்மா?" என்றேன். "மவன் வேலைக்குப் போயிருக்கான், மருமக இப்ப வந்துரும், நீங்க உக்காருங்க" என்றார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் மதில்மேல் கையூன்றி எட்டிப் பார்க்க, நானும் சின்னதுரையும் எல்லாவற்றையும் கூடத்தில் இறக்கினோம். ஒரு அம்மாள் குலவையே போட்டுவிட்டார்கள். அடுத்த லோடு இருக்கிறது என்று சின்னதுரை போய்விட்டான்.

அப்புறம் குஞ்சம்மாள் காபி கொடுத்துவிட்டு, "நடந்தது நடந்துபோச்சு சம்பந்தி. மனசுல வச்சுக்கக் கூடாது" என்றார்கள். கல்யாணத்தன்று மூன்றாவது பந்தியில் ரசம் தீர்ந்துபோய் உங்கள் சித்தப்பா இலையிலிருந்து எழுந்தாரே, அதைத்தான் சொல்கிறார்கள் என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. எழுந்து நின்று கும்பிட்டு, "தப்பு எங்க பக்கந்தாம்மா. நான் முன்னாடி நின்னு கவனிச்சிருக்கணும்" என்றேன். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். ரசத்துக்கு இவ்வளவு அழுகையா என்று நினைத்தேன். சாமி மாடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா படம் இருந்தது, அதற்கும் ஒரு முழம் மல்லிகை. அதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைத்ததோ வேறு. அம்பிகாவுக்கு வரன் தகைய வேண்டும் என்று பாப்பாத்தி ஏலாக்குறிச்சிக்கு மூன்று வருஷம் பஸ் ஏறிப்போய் மெழுகுவத்தி ஏற்றியவள். நம் பக்கத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அய்யனாருக்கும் நேர்ந்துகொள்வோம், மாதாவுக்கும் நேர்ந்துகொள்வோம், எந்தச் சாமி முந்திக்கொண்டாலும் இரண்டு பேருக்கும் செய்துவிடுவோம். மகள் போன இடத்திலும் மாதாவை மறக்கவில்லையே என்று எனக்குப் பெருமை பொங்கிவிட்டது.

அந்த நேரத்தில் மருமகள் வந்தது. கையில் சாப்பாட்டுப் பை, தோளில் மருந்துக்கடையில் வேலைசெய்பவர்கள் போடும் நீலக் கோட்டு. அம்பிகா இல்லை, சம்பந்தி! நான் ஜென்மத்தில் பார்க்காத பெண். குஞ்சம்மாள் மதிலுக்கு அப்பாலும் கேட்கும்படி, "பூவிழி! யாரு வந்துருக்காங்கன்னு பாரு. உங்கப்பா சீரோட வந்துட்டாரு!" என்றார்கள். நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அம்மா, நான் வேற வூட்டுக்கு வந்தவன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் பெண் பானையைப் பார்த்தது, சேலையைப் பார்த்தது, மதில்மேல் வரிசையாகத் தெரிந்த முகங்களைப் பார்த்தது, கடைசியில் என்னைப் பார்த்தது. அப்புறம் மெதுவாக, "வாங்கப்பா. சாப்பிட்டீங்களா?" என்றது.

சம்பந்தி, நீங்களும் பெண்ணைப் பெற்றவர்தான். அந்த இடத்தில் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? என் வாயிலிருந்து, "நல்லாருக்கியாம்மா?" என்று வந்துவிட்டது. அது காலில் விழுந்தது. விபூதி எடுக்கப் போன கை, மாடத்து மாதா படம் இந்தப் பெண்ணுடையது என்று அப்போதுதான் உறைத்துப் பாதியில் நின்று, தலையில் வெறுங்கையை வைத்து, நூறு வருஷம் நல்லா இரு என்று சொல்லிவிட்டேன்.

கை கழுவக் கொல்லைப்பக்கம் போனபோது அந்தப் பெண் பின்னாலேயே வந்து அழுதுகொண்டே எல்லாம் சொன்னது. பிறந்த வீடு ஏலாக்குறிச்சிப் பக்கம், மாதாவைக் கும்பிடுகிறவர்கள். வேறு சாமி கும்பிடுகிற வீட்டில் விரும்பிக் கட்டிக்கொண்டதால் ஏழு மாதமாக அப்பா பேசவில்லை. மாமியார் தங்கமானவர்களாம், ஆனால் தலைப்பொங்கலுக்குப் பொறந்த வூட்டிலிருந்து என்ன வந்தது என்று தெருவே கேட்டுக்கொண்டிருந்ததாம். "அய்யா, நீங்க யாருன்னு தெரியல. தப்பா வந்துட்டீங்க. தெரு முன்னாடி என்னால சொல்ல முடியல, மன்னிச்சுருங்க. சாயந்தரம் நானே வண்டி வச்சு உங்க பொண்ணு வூட்டுல எல்லாத்தையும் குடுத்துடுறேன்" என்று சொல்லி, அம்பிகாவின் பெயரையும் உங்கள் பெயரையும் கேட்டுக்கொண்டது. நானும் பெருமையாகச் சொல்லிவிட்டு, "குடுத்த சீரைத் திருப்பி வாங்குற வழக்கம் எங்க வூட்டுல இல்லம்மா. வச்சுக்க" என்று சொல்லிவிட்டு, வெறுங்கையோடு உங்கள் வாசலில் நிற்கத் தைரியம் இல்லாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

பாப்பாத்தி, "சேலையைப் பாத்துட்டு பொண்ணு என்ன சொல்லிச்சு?" என்று கேட்டாள். அழுதுட்டாள் என்றேன். அதில் பொய் ஏதும் இல்லையே.

ஆகவே சம்பந்தி, உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. நாளை காலை உங்கள் வீட்டில் பானை வைக்கும்போது, பொறந்த வூட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை என்று அம்பிகா கண் கலங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு குறையும் சொல்லாமல் வளர்ந்த பெண். மாட்டுப் பொங்கலன்று மாடுகளுக்குப் படைத்த கையோடு நான் வேறு சீர் கொண்டு வருகிறேன், அந்த மயில்கழுத்து நிறம் மட்டும் கிடைக்குமோ கிடைக்காதோ. பாப்பாத்தியிடம் மூச்சு விடாதீர்கள். பச்சை கேட்டு வீட்டுப் பக்கம் இனி நான் எட்டிப் பார்ப்பதாக இல்லை, பார்த்தால் வேஷம் கலைந்துவிடும். இன்று பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து நான் வாய்விட்டே நன்றி சொல்லிக்கொண்டு வந்தேன், கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார். என் மகள் என்னோடு பேசுகிறாள். நான் கொண்டுபோனால் வாங்கிக்கொள்ள ஒரு வாசல் இருக்கிறது. ரசம் தீர்ந்ததற்கு மேல் நம் இரண்டு குடும்பத்துக்கும் ஒரு வருத்தம் இல்லை. இதற்கு அய்யனாருக்கும் மாதாவுக்கும் உங்களுக்கும் நான் எந்த முறையில் நன்றி சொல்வது? சூரியன் உங்கள் வாசலில் நல்லபடி உதிக்கட்டும், பானை கிழக்குப் பக்கம் பொங்கட்டும், மாப்பிள்ளைக்கும் அம்பிகாவுக்கும் என் ஆசி. சம்பந்தியம்மாளுக்கு எட்டி நின்று ஒரு கும்பிடு.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்நோக்கும்
சிங்காரவேலு

பி.கு.: சோற்றுப் பருக்கை வைத்துக் கடிதத்தை ஒட்டும்போது பாப்பாத்தியின் போன் அடித்தது. அம்பிகா. இனி மேலே எழுதிய எதையும் நீங்கள் படிக்க வேண்டாம், எல்லாம் உங்கள் கூடத்திலேயே நடந்து முடிந்துவிட்டதாமே! பூவிழி மாமியாரோடு ஆட்டோவில் சீர் முழுவதையும் கொண்டுவந்து இறக்கிவிட்டதாம். குஞ்சம்மாளுக்கும் அப்போதே தெரியுமாம். "பெத்த மவளை எந்த அப்பனாவது யாரோ எவரோன்னு முழிப்பானா? தெரு பாத்துக்கிட்டு இருந்துச்சு, நானும் கம்முனு இருந்துட்டேன்" என்றார்களாம். நான், அந்தப் பெண், அந்த அம்மாள், மூன்று பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் நடித்திருக்கிறோம். அம்பிகா பானையை வைத்துக்கொண்டு சேலையைப் பூவிழிக்கே கொடுத்துவிட்டாளாம். "நீங்க பண்ணுன கூத்துல எனக்கு ஒரு அக்கா கெடைச்சுட்டாங்கப்பா" என்று சிரிக்கிறாள். ரெண்டு வூட்டுப் பொங்கலும் நாளைக்கு எங்க வாசல்லதான் என்று சம்பந்தியம்மாள் சொல்லிவிட்டார்களாம்.

பாப்பாத்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்றோடு தொலைந்தேன் என்று நினைத்தேன். அவளோ சுவரைப் பிடித்துக்கொண்டே நொண்டி நொண்டிப் போய், பொங்கலுக்கென்று தனக்கு எடுத்து வைத்திருந்த புதுச் சேலையைப் பீரோவிலிருந்து எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

"இது அம்பிகாவுக்கு. காலையில மொத பஸ்ஸுக்கு நானும் வரேன். பெரியவளை நான் இன்னும் பாக்கவேயில்லல்ல" என்றாள்.