சிலிண்டருக்குப் போட்ட பூஜை

தீயணைப்பு சிலிண்டர் மாட்டிய வீட்டுக்கு வரியில் தள்ளுபடி. அதைப் பார்க்கப் பத்து மணிக்கு வீட்டுவரி ஆபீஸிலிருந்து ஆள் வரவேண்டும். ஒன்பதேகாலுக்கு நல்லகாமன் வீட்டு ஹால் முழுக்க வெள்ளைப் பவுடர். நடுவில் பாண்டீஸ்வரி புருவம் வரை வெளுத்துப்போய், காலியான தீயணைப்பு சிலிண்டரைப் பிடித்தபடி நின்றாள்.

"பூஜை போடாம மாட்டக்கூடாதுன்னு சொன்னது நீங்கதான?" என்றாள் புருசனிடம்.

சொன்னவர் அவரேதான். ஒத்தக்கடையில் பைக் ஸ்பேர்பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் மனுசன், ஸ்பேனர் வாங்கினாலும் பொட்டு வைக்காமல் தொடமாட்டார். சிலிண்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார். சூடம் ஜன்னல் திரையைப் பிடித்துக்கொண்டது. அவர் தண்ணீர் தேடி மாடிக்கு ஓடினார். பாண்டீஸ்வரி சிலிண்டரின் பின்னை இழுத்து, ஒரே அமுக்கில் தீயை அணைத்துவிட்டாள்.

"காலி சிலிண்டருக்கு எவன் தள்ளுபடி தருவான்?" என்று தலையில் கைவைத்தார் நல்லகாமன்.

தையல் மிஷினுக்கு மோட்டார் வாங்க அவள் சேர்த்த பணத்தில்தான் சிலிண்டர் வந்தது. வரியில் தள்ளுபடி கிடைத்ததும் மோட்டார் என்று சத்தியம் செய்திருந்தார். தள்ளுபடி நோட்டீஸைக்கூட மறக்காமலிருக்கப் பிரிட்ஜ் மேல் கோந்து தடவி அழுத்தமாக ஒட்டியிருந்தார்.

"பக்கத்து வீட்டு டீச்சர்ட்ட இதே மாதிரி ஒன்னு இருக்குல்ல? பத்து நிமிசம் இரவல் கேப்போம்."

"இது பொய்யில்லையா?"

"பொய் எங்க சொல்றேன்? மாட்டத்தான போறேன்."

அற்புதமேரி டீச்சர் சிலிண்டரைக் காம்பவுண்டுச் சுவர் மேலாகக் கொடுத்தார். "அடுத்து இங்கதான் வருவாங்க. சட்டுன்னு குடுத்துருங்கண்ணே."

மாட்டியதும் நல்லகாமனின் கை சும்மா இருக்கவில்லை. பழக்கதோசத்தில் பொட்டு வைத்துவிட்டார். அதற்குள் பாண்டீஸ்வரி பவுடரைக் கூட்டி, முகம் கழுவி, கருகிய திரையைக் கழற்றி வைத்திருந்தாள்.

வரி ஆபீஸ் ஐரின் வந்தாள், பார்த்தாள், போட்டோ எடுத்தாள். அவள் செருப்பு மாட்டி அடுத்த வாசலுக்குப் போவதற்குள் சிலிண்டர் சுவர் தாண்டிவிட்டது.

இரண்டு நிமிடத்தில் கூப்பிட்டாள். "சார், கொஞ்சம் இங்க வாங்க."

டீச்சர் வீட்டில் மாதா படத்துக்குக் கீழே சிலிண்டர் சந்தனம், குங்குமத்தோடு லட்சணமாகத் தொங்கியது.

"டீச்சர், நீங்க எப்பருந்து பொட்டு வைக்க ஆரம்பிச்சீங்க?" என்றாள் ஐரின். டீச்சர் ஃபேனைப் பார்த்தார்.

"அது வந்து மேடம், ஒத்துமையான தெரு இது..." என்று இழுத்தார் நல்லகாமன்.

பாண்டீஸ்வரி காலி சிலிண்டரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். சூடம், திரை, பவுடர், இரவல் என்று ஒன்று விடாமல் சொன்னாள். "எங்களுக்குத் தள்ளுபடி வேணாம் மேடம். டீச்சருக்குக் குடுத்துருங்க. மோட்டார் அடுத்த வருசம் பாத்துக்கிறேன்."

நல்லகாமனுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பெண்டாட்டியை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது.

ஐரின் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களேவா அணைச்சீங்க?"

"ஆமா. இவரு மாடில இருந்தாரு."

"நோட்டீஸோட பின்பக்கத்தை யாருமே படிக்கலியா?"

"அது பிரிட்ஜோட ஒட்டிப்போச்சு மேடம்," என்றார் நல்லகாமன்.

"சும்மா மாட்டி வச்சா பாதி வரிதான் தள்ளுபடி. நெசமாவே தீயை அணைச்ச வீட்டுக்கு முழு வரியும் தள்ளுபடி. கருகுன திரையைக் காட்டுங்கக்கா, போட்டோ எடுத்துக்கிறேன்."

அற்புதமேரி டீச்சர் தன் வீட்டு ஜன்னல் திரையை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"பாண்டீஸ்வரி, சூடம் மிச்சமிருக்கா?"