நமக்கு ஆளில்லாத ஊர்

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. கோடைக்குத் தனியாகப் போய்ப் பத்து நாள் தங்குவதற்கு ஒரு ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்!

காரணம் என் தொண்டை. பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டில் எங்களுக்கு ஜவுளிக் கடை. அத்தா, அதாவது என் அப்பா, கல்லாவில் உட்காருவார். காதர் அண்ணன் துணி கிழிப்பார். வாசலில் நின்று ஆளைக் கூப்பிடுவது என் இலாகா. "வாங்கம்மா வாங்க! வாங்காட்டியும் பரவாயில்லீங்க, தொட்டுப் பாத்துட்டுப் போங்க!" என்று நான் ஒரு சத்தம் கொடுத்தால், சந்தைக்குப் போகிற வண்டி மாடு கூட நின்று திரும்பிப் பார்க்கும். அப்படித்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் கல்யாண வியாபாரம் முடிந்தபோது தொண்டையும் முடிந்தது. வாயைத் திறந்தால் எண்ணெய் காணாத கதவின் சத்தம்தான் வந்தது.

பாலக்காட்டு டாக்டர் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். பார்த்த முகம் சரியில்லை.

"பத்து நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. மீறினா இந்தக் குரல் திரும்பி வராது. குளிர்ச்சியான ஊருக்குத் தனியாப் போங்க. முக்கியமா, உங்களுக்கு ஒருத்தரையும் தெரியாத ஊரா இருக்கணும். தெரிஞ்சவங்க இருந்தா நீங்க பேசாம இருக்க மாட்டீங்க."

அவர் என்னைப் பார்த்து ஐந்து நிமிஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஆளைப் புரிந்துகொண்டுவிட்டார்!

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. குரல் போனால் கடை வாசல் போச்சு. அண்ணன் அப்போதே ஆறுதல் சொல்லிவிட்டார்.

"கொரலு வரலீன்னா உட்றா. குடோன்ல மூட்டை அடுக்க ஒரு ஆளு வேணும்னு நெனச்சுட்டேதான் இருந்தேன்."

ஆயுசு முழுக்க மூட்டைகளோடு குடித்தனம் நடத்துவதை நினைத்தபோது எனக்கு அழுகையே வந்தது. எப்படியாவது இந்தப் பத்து நாள் மௌனத்தைச் சம்பாதித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இங்கே எங்கள் வீட்டுச் சட்டத்தைச் சொல்ல வேண்டும். யார் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் அத்தா ஒரே கேள்விதான் கேட்பார். "அங்க நமக்கு யாரு இருக்கா?" ஆள் இருந்தால் போகலாம். ஆள் இல்லையென்றால், அத்தாவைப் பொறுத்தவரை அது ஊரே இல்லை.

டாக்டர் சொன்னது ஆளில்லாத ஊர். அத்தா கேட்பது ஆளுள்ள ஊர். நடுவில் நான்.

சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன். "நெல்லியாம்பதி போலாம்னு இருக்கேனுங்க அத்தா."

"அங்க நமக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்லீங்க."

"யானை இருக்குது. அதுங்கூடத் தங்கிக்கிறயா?"

நெல்லியாம்பதி போயிற்று.

"அப்ப ஊட்டி?"

"ஊட்டியா! நம்ம அனீபா மாமு இருக்காரே! தாராளமாப் போ."

அனீபா மாமுவுக்கு எட்டுப் பிள்ளைகள். எட்டும் சேர்ந்து பேசுவதை மாமு ஒருத்தரே பேசுவார். பதில் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார். ஊட்டியை நானே கைவிட்டேன்.

"கொடைக்கானல்?"

அம்மா குழம்புச் சட்டியோடு அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். "கொடைக்கானல்ல நம்ம ஜுலேகா மாமியார் ஊட்டுக்காரங்க இருக்காங்க. அங்க ஒரு பொண்ணு இருக்குது. போறதுதான் போறே, ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துரு!"

"பேசாமப் போய் நின்னான்னா பொண்ணு ஊட்டுல ஒத்துக்குவாங்க," என்றார் அண்ணன்.

"குத்தாலம்?" என்றேன் கடைசியாக.

"குத்தாலமா? இரு, நாங்களும் வர்றோம்!" என்று உள்ளேயிருந்து மூன்று குரல்கள் ஒன்றாக வந்தன. கோடையில் அருவியில் தண்ணீர் இருக்காது என்று அவர்களை உட்கார வைப்பதற்குள் எனக்குப் பாதித் தொண்டை போய்விட்டது.

பேசாமல் இருப்பதற்காக நான் அன்று பேசிய பேச்சை, கல்யாண சீசனில் கூடப் பேசியதில்லை!

அப்போதுதான் எனக்கு அந்தக் கேடுகெட்ட யோசனை வந்தது. ஆள் வேண்டும், அவ்வளவுதானே? ஒரு ஆளை உண்டாக்கிவிட்டால் போச்சு.

"ஏலப்பாறை போறேனுங்க அத்தா. தேயிலை எஸ்டேட்டு. நல்ல குளிரு. அங்க எனக்கொரு சிநேகிதர் இருக்காரு."

"யாரு?"

"அந்தோணி."

"என்ன வேலை?"

"எஸ்டேட்டுல கணக்கப்பிள்ளை."

மலையிலிருந்து துணி எடுக்க வருகிறவர்கள் வாயில் அடிபட்ட பெயரும் வேலையும் அவை. கூலி ஆட்களை மேய்த்துப் பேரேடு பார்ப்பவர் கணக்கப்பிள்ளை. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

"சம்சாரம் இருக்குதா?" என்று கேட்டார் அம்மா.

"இருக்குது."

"கொழந்தைங்க?"

"மூணு."

இல்லாத மனுஷனுக்கு ஒரு நிமிஷத்தில் குடும்பம் ஆயிற்று. அத்தா முகம் மலர்ந்துவிட்டது. "மொதல்லயே சொல்றதுக்கென்னடா?" என்றார்.

கிளம்புகிற நாளில்தான் வினை புரிந்தது. எங்கள் வீட்டிலிருந்து நம்ம ஆளைப் பார்க்க வெறுங்கையோடு யாரும் போனதில்லை. அம்மா ரவையில் தம்ரூட் இனிப்பும் நெய் முறுக்கும் செய்திருந்தார். அண்ணன் அந்தோணிக்கு வேட்டி, சம்சாரத்துக்குச் சேலை, பிள்ளைகளுக்கு மூன்று சட்டை எடுத்து வைத்திருந்தார். எல்லாவற்றையும் ஒரு கூடையில் போட்டு, மேலே சாக்கு வைத்துத் தைத்து, ஜவுளி மூட்டைக்கு விலாசம் எழுதுகிற மையால் அத்தா தன் கையாலேயே எழுதினார். ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலம்.

அந்தோணி கணக்கப்பிள்ளை, ஏலப்பாறை.

அந்த மை மழைக்குக் கூட அழியாது. கூடைக்குள் ஒரு கடிதமும் வைத்தார்.

எனக்குக் கவலையில்லை. தனியாக ஒரு அறை எடுத்து முறுக்கை நானே தின்றுவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். திண்டுக்கல்லில் இறங்கி, பஸ் மாறி மாறி, கம்பம், குமுளி தாண்டி, ஒரு செவ்வாய்க்கிழமை ஏலப்பாறையில் இறங்கினேன். என் மௌனம் அங்கிருந்து ஆரம்பம்.

குளிர் ஜில்லென்று முகத்தில் அடித்தது. தெரிந்த முகம் ஒன்று கூட இல்லை. ஆஹா!

பஸ் கூரையிலிருந்து கண்டக்டர் கூடையை இறக்கினார். விலாசத்தைப் படித்தார். பிறகு ஊருக்கே கேட்கும்படி கத்தினார்.

"அந்தோணி கணக்கப்பிள்ளைக்குக் கூடை வந்திருக்கு!"

டீக்கடையிலிருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்தார். "எந்த அந்தோணிக்கு? இங்கன ரெண்டு பேரு இருக்கோம்லா!"

அந்த மலையில் 'அந்தோணி கணக்கப்பிள்ளை' என்று ஒருத்தரைக் கற்பனை செய்வது, எங்கள் தெருவில் 'கடை வைத்திருக்கும் ராவுத்தர்' என்று ஒருத்தரைக் கற்பனை செய்கிற மாதிரி! இது எனக்கு அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். காக்கி அரைக்கால் சட்டை, கம்பளிக் கோட்டு. நான் இரண்டு கையையும் தலையையும் ஆட்டினேன். இல்லை, நீங்கள் இல்லை என்று அர்த்தம். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தையலைப் பிரித்து அத்தாவின் கடிதத்தை எடுத்து, டீக்கடை முழுவதும் கேட்க வாசித்தார்.

"என் மகன் சுலைமான் தங்களைப் பற்றிப் பேசாத நாளில்லை. அவனுக்குக் குரல் போய்விட்டது. டாக்டரும் பார்த்துவிட்டார். இனி எல்லாம் ஆண்டவன் கையில். தங்களை நம்பி அனுப்புகிறேன்."

அத்தாவின் கடிதம் எதுவானாலும் "இனி எல்லாம் ஆண்டவன் கையில்" என்றுதான் முடியும். சாயம் போன வேட்டிக்குப் புகார் எழுதினாலும் அதேதான். இது ஏலப்பாறைக்குத் தெரியுமா?

அந்தோணியின் முகத்தில் ஒரு தவிப்பு ஓடியது. இந்த ஆளை எங்கே பார்த்தோம் என்று தேடுகிறார். அகப்படவில்லை. ஆனால் இவ்வளவு பெரிய கூடையோடு வந்தவனை மறந்துவிட்டேன் என்று சொல்ல அந்த நல்ல மனுஷனுக்கு வாய் வரவில்லை.

"பாய்! கம்பம் சந்தையில பாத்தோம்லா? அன்னைக்கு என்னமா பேசுனீக! இப்படி ஆயிப்போச்சே!" என்று என்னைக் கட்டிக்கொண்டார்.

நான் கம்பம் சந்தையைக் கண்ணால் கண்டதில்லை. இப்படியாக, முன்பின் தெரியாத நாங்கள் இரண்டு பேரும் பழைய சிநேகிதர்கள் ஆனோம்.

வீட்டில் அவர் சம்சாரம் மரியபுஷ்பம் என்னைக் கண்டதும் கண் கலங்கினார். நான் அந்தோணியின் பென்சிலை வாங்கி, "எனக்குப் பேச வரும். டாக்டர்தான் பத்து நாள் பேச வேண்டாம் என்றார்" என்று எழுதிக் காட்டினேன். அந்தோணி வாசித்துச் சொன்னார்.

"பாவம், மனசு ஒத்துக்கிடாதுல்லா," என்றார் அந்த அம்மா, முந்தானையில் கண்ணைத் துடைத்தபடி. "அப்படித்தான் நெனச்சுக்கிடுவாக."

இரண்டாம் நாளும் எழுதிக் காட்டினேன். இன்னும் கொஞ்சம் அழுதார்கள்.

உண்மையைச் சொல்கிறேன். மூன்றாம் நாளிலிருந்து நான் எழுதுவதை விட்டுவிட்டேன். கவனிப்பு அப்படி! காலையில் வெந்நீர். தொழுவதற்குத் தனிப் பாய். வேளாவேளைக்கு ஆவி பறக்கச் சோறு. வீடு முழுக்கப் பேச்சுதான், ஆனால் ஒருத்தரும் என்னிடம் பதில் எதிர்பார்க்கவில்லை! டாக்டர் கேட்ட ஊர் இதுதான் என்று தோன்றியது. பிள்ளைகள் மட்டும் ஐந்து. மூன்று சட்டைக்கு அடித்துக்கொண்டன.

சாயங்காலம் அவர்கள் மெழுகுவத்தி ஏற்றி ஜெபம் சொல்வார்கள். நான் மரியாதைக்காகத் தேயிலைச் சரிவில் ஒரு நடை போய்விடுவேன். நாளுக்கு நாள் அந்த ஜெபத்துக்கு அக்கம்பக்கத்து ஜனம் கூடிக்கொண்டே வந்தது. நல்ல பக்தியுள்ள ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் சாயங்காலம். கெடு முடிந்தது. நடையிலிருந்து திரும்பினால் வீடு கொள்ளாத கூட்டம். என்னை வழியனுப்ப வந்திருக்கிறார்கள் என்று எனக்குப் பெருமை. நன்றி சொல்ல அழகாக நாலு வாக்கியம் மனசுக்குள் தயார் செய்திருந்தேன். மரியபுஷ்பம் டீயை நீட்டினார். ஒரு வாய் குடித்தேன். பத்து நாளாக அடக்கி வைத்தது முந்திக்கொண்டது.

"அக்கா, டீக்குச் சக்கரை கொஞ்சம் பத்தலீங்க."

தட்டு கீழே விழுந்தது.

"அந்தோணியாரே!" என்று அலறிக்கொண்டு அந்த அம்மா மண்டியிட்டார். கூட்டமும் மண்டியிட்டது. எனக்காகத்தான் புனித அந்தோணியாருக்கு ஒன்பது நாள் நவநாள் ஜெபம் நடத்தியிருக்கிறார்கள். அது முடிந்த அன்றே நான் வாயைத் திறந்துவிட்டேன்!

"இல்லீங்க, இது டாக்டர் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"பேசுதாரு! பேசுதாரு!" என்று கூட்டம் கைதட்டியது.

நான் சொன்னதை எவரும் காதில் வாங்கவில்லை. என் குரலைத்தான் கேட்டார்கள். கூலி ஆட்களின் லயத்து வீடுகளிலிருந்து இன்னும் ஆட்கள் ஓடி வந்தார்கள். "பேசாம இருந்தவரு எங்க? எதையாவது சொல்லச் சொல்லுங்க!"

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நூறு பேர் எதிரில் நின்றால் எனக்குக் கடை வாசல்தான் தெரியும். தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு ஒரு சத்தம் கொடுத்தேன்.

"வாங்கம்மா வாங்க! வாங்காட்டியும் பரவாயில்லீங்க, தொட்டுப் பாத்துட்டுப் போங்க!"

மலையே எதிரொலித்தது. "இன்னொருக்க!" என்றார்கள். இன்னொரு தரம். பின்னால் வந்தவர்களுக்காக இன்னொரு தரம். ஏழாவதோ எட்டாவதோ தரம் 'வாங்க' மட்டும் வந்தது, 'அம்மா' வரவில்லை. அடுத்த தரம் பழைய கதவு திறந்தது. அதற்கடுத்து அதுவும் இல்லை.

மரியபுஷ்பம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் தம்பி! ஒம்போது நாளு மன்றாடி வாங்கிக் குடுத்தத ஒரே பொழுதுல செலவழிச்சிட்டீகளே!"

மறுநாள் பஸ் ஏற்ற வந்த அந்தோணி, சுற்றிலும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார். "பாய், கேட்டா தப்பா நெனைக்கக் கூடாது. நாம நெசமாவே எங்கன பாத்தோம்?"

பென்சிலை வாங்கி எழுதினேன். "பார்த்ததே இல்லை. நீங்கள் நான் சொன்ன பொய்."

அவர் படித்தார். மறுபடி படித்தார். பிறகு சிரித்த சிரிப்பில் டிரைவர் இறங்கி வந்து என்னவென்று கேட்டார். "அதானே! பத்து நாளா நான் தூங்கலைவே!" என்று முதுகில் ஒன்று போட்டு, தேயிலையும் ஏலக்காயும் அடைத்த கூடையை அத்தா பெயர் எழுதிக் கூரையில் ஏற்றினார். பஸ் திரும்பும் வரை நான் கையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

பாலக்காட்டில் டாக்டர் மறுபடி டார்ச் அடித்தார். அத்தா பக்கத்தில் நின்றார்.

"முன்னைவிட மோசமா இருக்கே! இன்னும் பத்து நாள் பேச்சே கூடாது. ஒருத்தரையும் தெரியாத ஊரா, நல்லா யோசிச்சுப் பார்த்து அனுப்புங்க."

"இதுல யோசிக்க என்னங்க இருக்குது?" என்றார் அத்தா. "ஏலப்பாறைக்கே போகட்டும். அங்கதான் நமக்கு ஆளிருக்கே!"