இஃப்-ஸோ அங்கிளும் எங்கள் பள்ளிக்கூடச் சாக்கடையும்

அரசாங்கத்தைத் தூங்கவிடாத மனிதர் இந்த ஹைதராபாத்தில் ஒருவர்தான். அவர் மட்டும் எங்கள் மௌலா அலி காலனியில் மதியம் இரண்டு மணி நேரம் நன்றாகத் தூங்குவார்.

ஒரு காலத்தில் ஓர் எம்.எல்.ஏ.விடம் உதவியாளராக இருந்தவர். சட்டசபையில் அமைச்சர்கள் எழுத்தில் பதில் தரவேண்டிய கேள்விகளைத் தயாரிப்பதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. அவரிடம்தான் கேள்வி எழுதி வாங்குவார். 'இது உண்மையா? இஃப் ஸோ, அதாவது உண்மையெனில், காரணம் என்ன?' என்ற அச்சிலேயே அவர் வாழ்க்கை முழுவதும் ஓடியதால், காலனிக்கே இஃப்-ஸோ அங்கிள்.

"சாம்பார்ல உப்பு குறைஞ்சிருப்பது உண்மையா? இஃப் ஸோ, எடுத்த நடவடிக்கை என்ன?" என்று சாப்பாட்டு மேசையில் கேட்பார்.

"அமைச்சர் துணி காயப்போடறாங்க. உப்பு ஜாடி உங்க கைக்கிட்டதான் இருக்கு" என்று அவர் மனைவியின் பதில் மாடியிலிருந்து வரும்.

போன மழையில் என் மகள் பள்ளிக்கூட வாசலிலேயே திறந்த சாக்கடையில் கால் வைத்துவிட்டாள். தெருவெல்லாம் தண்ணீர், குழி எங்கே, தார் எங்கே என்று தெரியவில்லை. ஸ்கூட்டரில் வந்த யாரோ ஒருவர் புத்தகப் பையைப் பிடித்து இழுத்தார். ஷூ போயிற்று, பிள்ளை கிடைத்தாள். அன்றிலிருந்து வானம் கறுத்தாலே நான் குடையோடு பள்ளிக்கு ஓடிவிடுகிறேன்.

மறுநாளே நான் ஒரு கேள்வி எழுதிக்கொண்டு அங்கிளிடம் ஓடினேன். 'பிள்ளைகளைக் காவு கேட்கும் சாக்கடையை அரசு எப்போது மூடும்?'

"நக்கோம்மா, இப்படி வேணாம்" என்றார். "எப்போதுன்னு கேட்டா, விரைவில்னு எழுதிட்டு டீ குடிக்கப் போயிருவான்."

அவர் எழுதியது இது: பள்ளி வாசலில் சாக்கடை திறந்திருப்பது உண்மையா? உண்மையெனில், அதைக் கடைசியாகப் பார்வையிட்ட அதிகாரியின் பதவி என்ன? பார்த்த பின்னும் மூடாததற்குக் காரணம் என்ன?

"இதுல கோபமே இல்லையே, அங்கிள்?"

"கோபம் நம்மகிட்டயே இருக்கட்டும்மா. கோபத்துக்குப் பதில் எழுதணும்னு எந்த விதியும் கிடையாது."

எம்.எல்.ஏ. கையெழுத்துப் போட்டுக் கேள்வி சபைக்குப் போனது. அடுத்த வாரம் மாநகராட்சி ஜீப் வந்தது. இறங்கியவர்கள் குனிந்து பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். லாரியில் கான்கிரீட் பலகைகள் வந்து இறங்கின. அதற்கப்புறம் அமைச்சரின் பதிலும் வந்தது: 'திறந்திருப்பது உண்மையல்ல. ஆகவே மற்ற கேள்விகள் எழவில்லை.'

எனக்கு ரத்தம் கொதித்தது. "பச்சைப் பொய் அங்கிள். என் பொண்ணு விழுந்தாளே!"

அங்கிள் அந்தத் தாளைக் கல்யாணப் பத்திரிகை மாதிரிப் பிடித்திருந்தார். "ஹவ், ஆமா, விழுந்தா. ஆனா சபையில தப்பா எழுதினா அமைச்சர் மாட்டுவார். அவர் மாட்டினா கீழ இருக்கிறவனை விடுவாரா? 'உண்மையல்ல'ன்னு எழுதறதுக்காகவே ஓடிவந்து மூடியிருக்கான். என் சர்வீஸ்ல இவ்வளவு நல்ல பதில் வந்ததே இல்லம்மா."

நேற்று பெருமழை. குடையோடு நான் ஓடிச் சேர்வதற்குள் பள்ளி விட்டுவிட்டது. அங்கிள் அந்தப் பலகைமேல் நனைந்துகொண்டு நின்றார். ஒவ்வொரு பிள்ளையாகக் கை பிடித்துக் கடத்திவிட்டுக்கொண்டிருந்தார்.

"கைக்கு அங்கிள், ஏன் நிக்கிறீங்க? அதான் மூடிட்டாங்களே?" என்றாள் என் மகள்.

அவர் கையை நீட்டினார். அவளும் பிடித்துக்கொண்டாள். நான் அங்கேயே நின்று குடையை மடக்கினேன். இனி ஓட வேண்டியதில்லை.