இருப்பதே தெரியாது

ஃப்ரிட்ஜ் மறுபடியும் உறுமியது. பொறியாளர் அதன் முதுகில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். உறுமல் கூடியது.

"இன்னும் ஒரே ஒரு ரப்பர்தான். அப்புறம் வாயே திறக்காது," என்றார்.

அசருகிற ஆளில்லை அவர். ஆனால் விளம்பர மேலாளர் அவரை ஒரு வார்த்தை கேட்காமல் ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டியிருந்தார்: 'சத்தமே இல்லாத ஃப்ரிட்ஜ். இருப்பதே தெரியாது.' வியாபாரிகள் கூட்டத்தில் அது உறுமினால் ஆராய்ச்சிப் பிரிவுக்கு மூடுவிழா. பொறியாளர் புகார்த் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திட்டு வாங்கவேண்டியதுதான். முதலாளி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

செலவு செய்ய மட்டும் முதலாளிக்கு மனம் வரவில்லை. பழைய மாடலின் உடம்பு, உள்ளே புது மோட்டார், வெளியே புதுப் பெயின்ட். புதுமை அவ்வளவுதான்.

உறுமல் நிற்காததற்குக் காரணம் ஆட்கள் பிரிந்து கிடப்பதுதான் என்று முதலாளி கண்டுபிடித்தார். ஆராய்ச்சியும் விளம்பரமும் ஒரே பிரிவாயின. விளம்பரம் ஆராய்ச்சி அறையில் நாற்காலி போட்டுக்கொண்டது. ஆராய்ச்சி, கேன்டீனுக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்குப் போனது. கேன்டீன் அக்கா மதியம் கண்ணயரும் இடம் அது. முணுமுணுத்துக்கொண்டே தன் தட்டுமுட்டுச் சாமான்களைச் சுவரோரம் தள்ளி இடம் விட்டார்.

பக்கத்திலேயே டீ கிடைக்கும் என்று பொறியாளருக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சின்ன அறையில் உறுமல் இரண்டு மடங்காகக் கேட்டது. இன்னொரு ரப்பரைச் செருகினார். உறுமலோடு விசிலும் சேர்ந்துகொண்டது.

முதலாளி அடுத்த மாற்றத்தைக் கொண்டுவந்தார். இனிமேல் யாருக்கும் பதவி கிடையாது, எல்லோரும் 'புதுமைக் குழு'. அதன்பிறகு யார் சொல்லையும் யாரும் கேட்கவில்லை. பெயின்டர் வந்து நின்றபோது, உத்தரவு போட எனக்கு அதிகாரம் இல்லை, விளம்பரத்தைக் கேளுங்கள் என்று பொறியாளர் அனுப்பிவிட்டார். சாமான் அறைப் பக்கம் தலைவைத்தும் படுக்காத விளம்பர மேலாளர், போனிலேயே முடித்துக்கொண்டார்.

"சாமான் ரூம்ல ஓரமா ஒரு ஃப்ரிட்ஜ் இருக்கும். நீலம் அடிச்சு மேடையில ஏத்திடுங்க."

திறந்தால் பளிச்சென்று இருக்கட்டும் என்று உள்ளே பேட்டரி விளக்கு வைத்ததும், புகை கிளம்பட்டும் என்று உலர் பனிக்கட்டி நிரப்பியதும் அவர் யோசனைதான்.

கூட்டத்துக்கு முந்தின மாலை கடைசி ரப்பரைப் பொருத்திய கையோடு பொறியாளர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினார். காலையில் மேடையில் நீல ஃப்ரிட்ஜ் மின்னியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் சுவிட்சைப் போட்டார்.

சத்தமே இல்லை.

முன்வரிசை வியாபாரி எழுந்துவந்து காதை வைத்துப் பார்த்தார்.

"ஓடுதா?"

"ஓடறதே தெரியாதுங்க. அதுதான் இதோட விசேஷம்."

பொறியாளர் கதவைத் திறந்தார். நீல வெளிச்சமும் வெண்புகையும் வந்தன. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஆர்டர்கள் வந்து குவிந்தன. முதலாளி அவரைக் கட்டிப்பிடித்து, ஆராய்ச்சி இனித் தனிப்பிரிவு, தலைவர் நீங்கள்தான் என்று அங்கேயே அறிவித்தார். பொறியாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

மேடையை விட்டு இறங்கியவரின் சட்டையை யாரோ பின்னாலிருந்து இழுத்தார்கள். கேன்டீன் அக்கா.

"சார், கூட்டம் முடிஞ்சிடுச்சுல்ல, நான் டம்ளர் அடுக்கி வைக்கிற அந்த ஓடாத ஃப்ரிட்ஜைத் திருப்பிக் குடுத்துடுங்க, உங்களோடது அங்க உறுமற உறுமல்ல கண்ணை மூட முடியல."