முதுகு காட்டி உட்கார்ந்தவர்

“அனிபால், இந்த வாரம் நீங்க ஆரம்பிங்க” என்றார் எர்சிலியா.

அனிபால் தஸ்ஸானோவின் வாயில் பிறை ரொட்டி பாதி இருந்தது. அதை எவ்வளவு நேரம் மெல்ல முடியுமோ அவ்வளவு நேரம் மென்றார். முந்தின நாள் கார்தோ அரங்கில் தொடங்கிய ‘வீட்டுச் சாவி’ நாடகத்தை அவர் பார்த்திருக்கவில்லை. பொத்தான் கடையைச் சாத்திவிட்டு, டிக்கெட்டோடு பஸ் ஏறியது உண்மை. ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் உண்மை. டிரைவர் தோளைத் தட்டி எழுப்பியபோது பஸ் ஊர்க்கோடியில் கடைசி நிறுத்தத்தில் நின்றது.

வியாழக்கிழமை நான்கு மணிக்கு, நாடக அரங்குகள் நிறைந்த கொர்ரியென்தெஸ் சாலைக்குப் பின்னால் இருக்கும் அந்தக் காபிக் கடையில் கூடுகிறவர்கள் மொத்தம் நாலே பேர். தலைமை, ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியை எர்சிலியா. அடுத்து, பல் வைத்தியர் இரியார்த்தே. மூன்றாவது சுலேமா; பாட்டு நாடகம் என்றால் உயிர். நான்காவது அனிபால். வட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம். நாடகத்தைப் பார்க்காதவர் வாயைத் திறக்கக்கூடாது. கோப்பையை எடுத்துக்கொண்டு கழிவறை வாசலில் இருக்கும் மேஜைக்குப் போய்விட வேண்டும். அனிபால் தொடர்ந்து இரண்டு வாரம் அங்கே உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வாரமும் போனால் வட்டத்திலிருந்தே நீக்கம்.

மனைவி இறந்து எட்டு வருஷம் ஆகிறது. அவர் சட்டைக்கு இஸ்திரி போடுவதே வியாழக்கிழமை மட்டும்தான். அதற்கு எர்சிலியாவும் ஒரு காரணம். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, எர்சிலியாவிடம்கூட.

“அவன் மெல்லட்டும், நான் டிராம் நாடகத்தைப் பத்திச் சொல்லிடறேன்” என்றாள் சுலேமா. “பதினேழு பாட்டு! கடைசியில டிராமே மேடைக்கு வந்துடுச்சு. நான் அழுதுட்டேன்.”

“நீ திரை தூக்கினாலே அழுவே” என்றார் டாக்டர். “கதைன்னு ஒண்ணு இருந்துச்சா? டிராம் மட்டும்தான் நல்லா நடிச்சுச்சு.”

“உங்களுக்கு எதுதான் பிடிச்சிருக்கு டாக்டர்? வாயைத் திறந்தா ஓட்டை தேடறதே பொழப்பு.”

“போதும்” என்றார் எர்சிலியா. முப்பது வருஷம் வகுப்புகளை அடக்கிய குரல். “அனிபால்?”

ரொட்டி தீர்ந்துவிட்டது. ஒரு அண்ணனும் தங்கையும் அம்மாவின் வீட்டை விற்பதற்காகச் சண்டை போடும் கதை என்று டிக்கெட்டின் பின்புறம் படித்தது மட்டும் ஞாபகம் இருந்தது.

“அண்ணன் பரவாயில்ல. தங்கச்சி நல்லா பண்ணினா. ஆனா...” என்று இழுத்தார். ஏதாவது சொல்லியாக வேண்டும். “என்னைக் கலக்கினது அவங்க இல்ல. பின்னாடி, நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஒருத்தர் உட்கார்ந்திருந்தாரே, அவர்தான். ஒரு வார்த்தை பேசல. திரும்பக்கூட இல்ல. ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே வரல.”

சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்த சுலேமாவின் கரண்டி நின்றது. சரி, மாட்டிக்கொண்டோம் என்று அனிபால் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்திருக்கத் தயாரானார்.

“நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்” என்றார் டாக்டர் மெதுவாக.

“சாம்பல் கலர் கோட்டுதானே?” என்று கேட்டார் எர்சிலியா.

“சாம்பல் கலர்தான்” என்றார் அனிபால்.

சுலேமா கையை நீட்டிக் காட்டினாள். “பாரு, இப்பக்கூட மயிர்க்கூச்செறியுது. எனக்கு மட்டும்தான் பயமா இருந்துச்சோன்னு நினைச்சேன்.”

குருட்டாம்போக்கில் அடித்தது குறி தவறாமல் போய் விழுந்திருக்கிறது என்று அனிபால் மனதுக்குள் துள்ளினார். எர்சிலியா முதல் தடவையாக அவருக்குத் தன் கையால் சர்க்கரை போட்டுக் கொடுத்தார்.

மறுநாள், பேட்டை வானொலியில் எர்சிலியா வாராவாரம் நாடகங்களைப் பற்றிப் பேசும் பத்து நிமிஷம். அதில் எட்டு நிமிஷம் முதுகு காட்டி உட்கார்ந்தவரைப் பற்றியே பேசினார். “எல்லாரும் பார்த்தோம். ஆனா அதை முதல்ல வாய்விட்டுச் சொன்னவர் அனிபால் தஸ்ஸானோ. கண்ணுன்னா அது கண்ணு” என்று முடித்தார்.

மதியத்துக்குள் பொத்தான் கடையில் கூட்டம். பொத்தான் வாங்குகிற கூட்டம் இல்லை.

“அவர் கோட்டுக்குப் பின்னாடி பட்டை இருக்குமே, அதுல எத்தனை பொத்தான்?” என்று ஒரு தையற்காரி கேட்டாள்.

தொழில் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. “ரெண்டு. கொம்புப் பொத்தான். வலது பக்கத்தது தொங்கிக்கிட்டிருக்கும்” என்றார்.

சனிக்கிழமை காலையில் வேறு இருவர் வந்தார்கள். வெள்ளிக்கிழமை ஆட்டம் பார்த்தவர்கள். “வலது பொத்தான் இன்னிக்கோ நாளைக்கோ விழுந்துடும் போல இருக்கே” என்றார்கள் கவலையாக.

அனிபால் கையிலிருந்த பொத்தான் டப்பாவைக் கீழே வைத்தார். இதற்கு மேல் பொய் சொல்லிச் சமாளிக்க முடியாது, நாடகத்தைப் பார்த்துவிட்டால் பொய் உண்மையாகிவிடும் என்று முடிவு செய்தார். அன்று மாலை ஆட்டத்துக்கே டிக்கெட் வாங்கி, மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தார்.

திரை உயர்ந்தது. ஒரு மேஜை. அண்ணன். தங்கை. பின்னால் வெறும் கறுப்புத் துணி.

பத்து நிமிஷம் காத்திருந்தார். இருபது நிமிஷம். தங்கை சாவியை விட்டெறிந்தாள், அண்ணன் அழுதான். பின்னால் வெறும் கறுப்புத் துணிதான். நாற்காலிகூட இல்லை.

பக்கத்தில் விசிறியோடு உட்கார்ந்திருந்த அம்மாள் அவர் முழங்கையைப் பிடித்தாள். “மூச்சு விடறாரா பாருங்க” என்று கிசுகிசுத்தாள்.

“யாரு?”

“சும்மா இருங்க. இந்த இடத்துல போய்த் தமாஷ் பண்றீங்களே.”

அவர் திரும்பி வரிசை வரிசையாகப் பார்த்தார். பேசிக்கொண்டிருந்த நடிகர்களை ஒருவர்கூடப் பார்க்கவில்லை. நூற்றுச் சொச்சம் பேரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கறுப்புத் துணியின் நடுவில், கொஞ்சம் இடது பக்கமாக, நாற்காலி உயரத்தில்.

ஆட்டம் முடிந்ததும் நேராக ஒப்பனை அறைக்குப் போனார். இயக்குநர் ஃபெர்மின் குழல் வைத்து மாத்தே தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னதும் எழுந்து கட்டிப்பிடித்தார்.

“நீங்கதானா அது! உங்க புண்ணியத்துல அடுத்த ஞாயிறு வரைக்கும் அரங்கு நிறைஞ்சாச்சு!”

“அந்த ஆளு... பின்னாடி உட்கார்ந்திருக்கவரு... அவர் பேரென்ன?”

“அதை நீங்க தெல்மாகிட்டதான் கேக்கணும். அவங்க கூட்டிட்டு வந்த ஆளு.”

கண்ணாடி முன்னால் சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்த தங்கையாக நடித்த தெல்மாவின் கை நின்றது. “நானா? நீங்க போட்ட ஆளுன்னு இல்ல நினைச்சேன்?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“யாரா இருந்தா என்ன” என்றார் ஃபெர்மின். “இத்தனை நாள்ல ஒரு தடவைகூட எனக்கு ரெண்டு வசனம் கொடுங்கன்னு கேக்கல. அப்படி ஒரு நடிகரை நான் பார்த்ததே இல்ல.”

“நான் திரும்பிப் பார்க்கறதே இல்ல” என்றாள் தெல்மா. குரல் இறங்கியிருந்தது. “ரெண்டாவது காட்சியில பின்கழுத்து ஜில்லுனு ஆகும். அப்ப வசனத்தைக் கொஞ்சம் வேகமாச் சொல்லிடுவேன். அவ்வளவுதான்.”

அனிபால் அன்று பஸ்ஸில் தூங்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை வரும் வரை யோசித்து, உள்ளதைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். கழிவறை மேஜையானாலும் சரி, நீக்கினாலும் சரி. காபி வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

“நான் முதல் நாள் போகவே இல்ல. பஸ்ஸுல தூங்கிட்டேன். அந்த ஆளை நானாத்தான் இட்டுக்கட்டினேன். கோட்டு, பொத்தான், எல்லாமே பொய்.”

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். “அடக்கம்யா உனக்கு!”

“சத்தியமா டாக்டர். சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். அங்க யாருமே இல்ல.”

சிரிப்பு நின்றது. எர்சிலியாவின் முகம் பரீட்சைத் தாள் திருத்தும் முகமாக மாறியது.

“அப்ப நான் வானொலியில பேசினது?”

“அது... நீங்க...”

“நான் பொய்க்காரி. சுலேமா பொய்க்காரி. டாக்டரும் பொய்யர். ஊருக்கே கண்ணு அவிஞ்சு போச்சு, உங்க ஒருத்தருக்குத்தான் பார்வை. அப்படித்தானே?”

“அப்படிச் சொல்லல எர்சிலியா...”

“ரெண்டு பொத்தானையும் நான் என் கண்ணால பார்த்தேன் அனிபால்” என்றாள் சுலேமா. “நீ இப்படி அவமானப்படுத்துவேன்னு நான் நினைக்கல.”

கடைசியில் எர்சிலியாதான் தீர்ப்புச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கடைசி ஆட்டம். நாலு பேரும் சேர்ந்து போவது. அப்போதும் அனிபால் இல்லை என்று சாதித்தால், அத்தோடு அவருக்கும் வட்டத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மழை. கோட்டுகளை வாங்கி வைக்கும் இடத்தில் நனைந்த கோட்டுகள் மலையாகக் குவிந்திருந்தன. அனிபாலுடையதையும் டாக்டரே கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்து, எண் போட்ட அட்டையை அவர் கையில் திணித்தார். ஓடிவிடக்கூடாது என்பதற்காக அவரை டாக்டருக்கும் எர்சிலியாவுக்கும் நடுவில் உட்கார வைத்தார்கள்.

திரை உயர்ந்தது. மேஜை. அண்ணன். தங்கை. கறுப்புத் துணி.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். டாக்டரின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டும் பார்த்தார். கறுப்புத் துணி பெரிதாகத் தெரிந்தது.

“தெரியுதா?” என்றார் எர்சிலியா காதருகில்.

அனிபால் மூக்குக்கண்ணாடியை டாக்டரிடம் திருப்பிக் கொடுத்தார். நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இத்தனை பேருக்குத் தெரிவது தனக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? ஒருவேளை தெரியாமல் இருப்பதுதான் நல்லதோ?

“இன்னிக்கு அவருக்கு என்னமோ ஆயிருக்கு” என்றாள் சுலேமா அந்தப் பக்கத்திலிருந்து. “பாவம், எதையோ பார்த்துப் பயந்த மாதிரி இருக்காரு.”

“ஆமாம். முதல் நாள் எவ்வளவு நிம்மதியா உட்கார்ந்திருந்தாரு. தூங்கறாரோன்னுகூட நினைச்சேன்” என்றார் டாக்டர்.

பின்வரிசையில் யாரோ விசும்பினார்கள். தெல்மா மேடையில் வசனத்தை மேலும் மேலும் வேகமாகச் சொல்லிக்கொண்டு போனாள். சாவியை எறிய வேண்டிய இடம் வருவதற்கு இரண்டு நிமிஷம் முன்பே எறிந்துவிட்டாள்.

அப்போது எர்சிலியா அனிபாலின் கையைப் பிடித்தார். எர்சிலியாவின் கை ஜில்லென்று இருந்தது. அதில் கண்டிப்பு இல்லை, பயம்தான் இருந்தது. எட்டு வருஷத்தில் யாரும் அனிபாலின் கையை அப்படிப் பிடித்ததில்லை.

“அனிபால், சொல்லுங்க. உங்களுக்கும் தெரியுதுதானே? எங்களுக்கு மட்டும்னா என்னால தாங்க முடியாது.”

“தெரியுது” என்றார் அனிபால். “நல்லாத் தெரியுது. வலது பொத்தான் விழுந்துடுச்சு.”

“அப்பாடா!” என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். “ஆமாம், விழுந்துடுச்சு” என்றார் டாக்டர் உற்றுப் பார்த்து.

திரை இறங்கியதும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அண்ணனும் தங்கையும் வந்து வணங்கினார்கள். “அவரைக் கூப்பிடு! அவரைக் கூப்பிடு!” என்று கூட்டம் கத்தியது. தெல்மா பின்னால் திரும்பாமலே சிரித்து, கையை மட்டும் பின்பக்கம் காட்டினாள். திரை மறுபடி விழுந்தது.

அனிபாலின் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. நாடகம் முடிந்தது. நாளைக்கு இந்த அரங்கில் வேறு ஏதோ பாட்டு நாடகம். இனி அந்த ஆள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? எர்சிலியா இன்னும் அவர் கையை விடவில்லை.

“பீட்சாக் கடையில இடம் பிடிக்கறோம். உங்களுக்கு வெங்காயம் தூக்கலா சொல்லிடட்டுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் விட்டார். மூவரும் முன்னால் போனார்கள்.

கூட்டம் கலையும் முன்பே அனிபால் கோட்டை வாங்கப் போய்விட்டார். அந்த இடம் மேடையின் பக்கவாட்டில், திரையை ஒட்டி இருந்தது. உயரமான ஒரு பெண், கோட்டுகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவர் சீட்டியடித்துக்கொண்டே அட்டையை நீட்டினார்.

அவள் அட்டையை வாங்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். திரும்பித் திரை இடுக்கு வழியாக மேடையைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

“அவங்க எல்லாருக்கும் உங்க முதுகுதான் தெரியும், எனக்கு இங்கேருந்து முகமே தெரியும் சார்” என்றாள். “இப்பத்தானே திரை விழுந்துச்சு, அதுக்குள்ள அந்த நாற்காலியை விட்டு எப்படி எழுந்து வந்தீங்க?”